ஸ்குரூஜ் மாமாவும் மூன்று உயிர்களும்



வழக்கமாக இப்பக்கத்தில் இணைமொழி, மரபுத்தொடர், கட்டுரைப் பயிற்சி எனப் பள்ளிக்கூடச் சரக்கையே எழுதி வருகிறேன். இம்முறை ஒரு வாத்தைப் பற்றி எழுத விழைகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியர் ஒருவர் காணொளி விளையாட்டைப் பற்றி எழுதலாமா எனப் புருவத்தை உயர்த்துவோர் சற்றே பொறுமை காக்க வேண்டுகிறேன். பிள்ளைகள் எதில் மூழ்கிக் கிடக்கிறார்களோ, அதனுள் நாமும் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். இறங்கிப் பார்த்ததில் என் குடும்பத்துப் பிள்ளை ஒருவனைப் பற்றி நான் அறியாதிருந்த சிலவற்றை அறிந்துகொண்டேன். அதையே இங்குப் பகிர்கிறேன்.

நான் சொல்லவிருப்பது 'டக் டேல்ஸ்' என்னும் விளையாட்டைப் பற்றி. அதே பெயரில் தொலைக்காட்சியில் வந்த கேலிச்சித்திரத் தொடரை அடிப்படையாகக் கொண்டு, ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1989-ஆம் ஆண்டு அதனை வெளியிட்டது. நிந்தெண்டோவின் எட்டுபிட்டு விளையாட்டுக் கருவிக்காக உருவாக்கப்பட்ட அவ்விளையாட்டு, 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்றது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அதை இன்னமும் விளையாடுகிறார்கள். நானும் விளையாடுகிறேன்.

யார் இந்த வாத்து?

தொடரின் தலைவர் ஸ்குரூஜ் மெக்டக். உயர்ந்த தொப்பி, மூக்குக்கண்ணாடி, கையில் ஓர் ஊன்றுகோல். உலகிலேயே பெரும் பணக்கார வாத்து. உலகிலேயே பெரும் கஞ்சனும் அவரே. கார்ல் பார்க்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் 1947-இல் ஒரு படக்கதைக்காக இவரைப் படைத்தார். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் வரும் கருமியின் பெயரையே இவருக்குச் சூட்டினார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1987-இல், டிஸ்னி நிறுவனம் இவரை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றைத் தொடங்கியது. 1990 வரை 100 பகுதிகள் வெளிவந்தன.

ஆங்கிலத்தில் இவரை 'அங்கிள்' என்று அழைக்கிறார்கள். அந்த மொழியில் பெரியப்பா, சித்தப்பா, மாமா ஆகிய அனைவருக்கும் அந்த ஒரே சொல்தான். ஆனால் கதையில் உள்ள உறவுமுறையைக் கூர்ந்து பார்த்தால் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. டொனால்ட் டக்கின் தாய் ஸ்குரூஜின் உடன்பிறந்தவர். ஆகவே ஸ்குரூஜ் டொனால்டுக்குத் தாய்மாமன். தொடரில் வரும் மூன்று குட்டி வாத்துகளும் டொனால்டின் உடன்பிறந்தாளுடைய பிள்ளைகள். எனவே டொனால்டும் அவர்களுக்குத் தாய்மாமன். கப்பற்படையில் சேரும் டொனால்ட், பிள்ளைகளைத் தம் தாய்மாமனின் பொறுப்பில் விட்டுச் செல்வதில்தான் தொடரே தொடங்குகிறது. தாய்மாமன் உறவின் கனம் அறிந்த நமக்கு இக்கதையைப் புரிந்துகொள்ள எந்த விளக்கவுரையும் தேவையில்லை.

ஊன்றுகோலின் அருமை

விளையாட்டுக்கு வருவோம். ஸ்குரூஜின் அலுவலகக் கணினியில் ஐந்து இடங்கள் தெரியும்: அமேசான் காடு, டிரான்சில்வேனியா மாளிகை, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயமலை, நிலவு. எதை முதலில் தேர்ந்தெடுப்பது என்பது ஆடுபவரின் விருப்பம். ஒவ்வோர் இடத்தின் இறுதியிலும் ஒரு பெரும்புதையல் உண்டு. அமேசானில் இன்கா மன்னனின் செங்கோல். இமயத்தில் செங்கிஸ்கானின் மகுடம். நிலவில், நம்பினால் நம்புங்கள், பச்சை நிறப் பாலாடைக்கட்டி.

ஓடுவதும் தாவுவதும் இவ்வகை விளையாட்டுகள் அனைத்திலும் உள்ளவையே. இதில் தனிச்சிறப்பு அந்த ஊன்றுகோல். தாவ வேண்டும், காற்றில் இருக்கும்போதே கீழ்நோக்கிய விசையையும் மற்றொரு பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். உடனே கிழவர் கோலைக் கீழே ஊன்றி அதன்மேல் ஏறிக்கொண்டு 'டிங், டிங்' எனத் துள்ளத் தொடங்கிவிடுவார். பகைவரின் தலைமேல் துள்ளலாம். முட்களின் மேலும் காயமின்றித் துள்ளலாம். வெறுமனே தாவினால் எட்டாத உயரத்தைத் துள்ளினால் எட்டலாம். தரையில் நின்றபடி கோலை வீசினால் எதிரே கிடக்கும் கல் பறந்துபோய் எங்கோ இருக்கும் எதிரியைத் தாக்கும்.

சிறுவயதில் நொண்டி விளையாடியவர்களுக்கு இத்துள்ளலின் சுகம் உடனே விளங்கும். ஒற்றைக் காலில் நிற்கும்போது நேராக நடப்பதைவிடக் கவனம் கூடுகிறது. எங்கே கால் பதிக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே கண் தேடுகிறது. இவ்விளையாட்டும் அப்படித்தான். துள்ளிக்கொண்டே போகப் போக, விரல்களுக்கு ஒரு தாளம் பிடிபட்டுவிடுகிறது.

அத்தாளம் பிடிபட்ட மிதப்பில் இமயமலைக்குச் சென்றால் அங்கே விளையாட்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆழ்ந்த பனியில் கோலை ஊன்றித் துள்ள முயன்றால் கிழவர் பனிக்குள் புதைந்துகொள்வார். அவர் மீண்டு எழுவதற்குள் எதிரி வந்துவிடும். நான்கு இடங்களில் நம்மைக் காத்த வித்தை ஐந்தாவது இடத்தில் காலை வாருகிறது. பாடத்தைச் சொற்களால் விளக்காமல் பனியைக் கொண்டே விளக்கிய அந்த வடிவமைப்பாளர்களை, ஆசிரியன் என்ற முறையில், மெச்சாமல் இருக்க இயலவில்லை.

அவர்கள் சாதாரணமானவர்களும் அல்லர். தயாரிப்பாளர் தோக்குரோ ஃபுஜிவாரா, பாத்திரங்களை வரைந்தவர்களுள் ஒருவரான கெய்ஜி இனாஃபுனே ஆகியோர் அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற மெகாமேன் விளையாட்டுகளிலும் பணியாற்றியவர்கள். இசை ஹிரோஷிகே தோனோமுரா. அந்தக் கருவியில் இசைக்கும் ஓசைக்கும் சேர்த்து ஐந்தே ஒலித்தடங்கள்தாம். அவற்றை வைத்துக்கொண்டு நிலவுக் காட்சிக்கு அவர் அமைத்த இசையை இன்றும் பலர் தேடித் தேடிக் கேட்கிறார்கள். வயலினிலும் பியானோவிலும் வாசித்துப் பதிவேற்றுகிறார்கள். அதில் ஓர் ஏக்கம் இழையோடும். பாலாடைக்கட்டி தேடிப் போகும் ஒரு வாத்துக்கு இத்துணை உருக்கமான இசை எதற்கு என்று கேட்டால் என்னிடம் விடையில்லை.

தோட்ட வீட்டில் வந்த வாத்து

இவ்விளையாட்டை நான் முதன்முதலில் கண்டது 1991-ஆம் ஆண்டு வாக்கில். ஜொகூரில் ஒரு தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்தோம். பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டினார்கள். அக்காலத்தில் உண்மையான நிந்தெண்டோ கருவியை எங்களைப் போன்றோர் கண்டதில்லை. தைவானில் தயாரான 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற மலிவுக் கருவிதான் நம் நாட்டுப் பிள்ளைகள் பலருக்கும் வாய்த்தது. எங்கள் வரிசையில் அதுவும் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. பள்ளி விடுமுறையில் அவ்வீட்டின் வாசலில் கிடக்கும் சிலிப்பர்களை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடலாம்.

டக் டேல்ஸ் ஒருவர் மட்டுமே ஆடும் விளையாட்டு. மூன்று உயிர்கள். அவை தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. இடையில் சேமித்து வைக்க வழியில்லை; விட்ட இடத்திலிருந்து தொடரக் கடவுச்சொல்லும் இல்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எட்டுப் பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கும் வீட்டில், மூன்று உயிர் போனால் அடுத்த முறை கிடைக்க ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஆகவே ஆடியதைவிடப் பார்த்ததே அதிகம். பார்ப்பவருக்கு ஆடுபவரைவிட அதிகம் தெரியும் என்பதை அங்குதான் கற்றேன். என் தங்கை அப்போது ஏழு வயதுச் சிறுமி. அவளுக்கு ஆட்டம் கிடைப்பது அரிது. சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருப்பாள். டிரான்சில்வேனியா மாளிகையில் சில சுவர்கள் பொய்ச்சுவர்கள்; பார்வைக்குக் கல்லாகத் தெரியும், நடந்தால் ஊடே சென்றுவிடலாம். வெற்றிடமாகத் தெரியும் சில இடங்களைக் கடந்தால் காற்றிலிருந்து வைரங்கள் தோன்றும். இவையனைத்தையும் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். "அங்கே போ, அங்கே சுவர் இல்லை" என்று மெல்லச் சொல்வாள். பெரிய பையன்கள் முதலில் சிரித்தார்கள். பின்னர் அவளை அருகில் அமர்த்திக்கொண்டு ஆடினார்கள்.

ஒன்றை மட்டும் இன்று எண்ணிப் பார்க்கிறேன். இவ்விளையாட்டில் மதிப்பெண் கிடையாது, டாலர்தான். ஒவ்வொரு பெரும்புதையலுக்கும் பத்து இலட்சம் டாலர். ஐந்து புதையல்களுக்கு அப்பால் மறைந்திருக்கும் இரண்டையும் கண்டெடுத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் சேர்த்தால் சிறப்பு முடிவு. ஒரு காசுகூட இல்லாமல் முடித்தால் அதற்கும் தனியொரு முடிவு உண்டு. பால் அளவைக்கேற்ப நாள் கூலி பெற்ற பெற்றோரின் பிள்ளைகள், இலட்சங்களை எண்ணி ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தோம். அப்பணத்தைக் கொண்டு விளையாட்டில் ஏதும் வாங்கவும் கடை கிடையாது. 1993-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில்தான் கடை வந்தது. ஆயினும் அது பணமாக எங்களுக்குப் படவில்லை. தேடியவனுக்குக் கிடைத்தது என்பதற்கான கணக்காகவே பட்டது.

பின்னோக்கி ஓடும் காலம்

ஆண்டுகள் உருண்டன. நான் ஆசிரியர் பயிற்சி முடித்துத் தமிழ்ப்பள்ளிக்கு வந்தேன். தங்கை மணமாகி ஜொகூர் பாருவில் குடியேறினாள். இன்று அவள் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கடற்பாலத்து நெரிசலுக்கு அஞ்சி விடியற்காலை நான்கரை மணிக்கே புறப்படுபவர்களில் அவளும் ஒருத்தி. அவள் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் சாலையில்தான். ஐந்தாம் ஆண்டில் பயிலும் அவர்கள் மகன், என் மருமகன், பள்ளி விடுமுறைகளில் எங்கள் வீட்டில் இருப்பான்.

அண்மைய விடுமுறை ஒன்றில் அவன் வந்தபோது தங்கை தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னாள். "அண்ணே, இவன் வகுப்பில வாசிக்கவே மாட்டேங்கிறான். ஆசிரியர் எழுப்பினா எழுந்து நிக்கிறான். வாயைத் திறக்க மாட்டேங்கிறான்." சில மாதங்களுக்குமுன் ஒரு பத்தியை உரக்க வாசிக்கையில் லகரமும் ழகரமும் இடறியிருக்கின்றன. பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அன்றோடு நிறுத்திவிட்டான். என்னோடும் தமிழில் ஓரிரு சொற்களே பேசினான். எழுதச் சொன்னால் அழிப்பானால் தாள் கிழியும்வரை அழித்தான். பிழை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் முதல் வரியைத் தாண்டுவதே இல்லை.

ஆசிரியன் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் உடனே பாடநூலை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. என் மடிக்கணினியில் 'டிஸ்னி ஆஃப்டர்நூன் கலெக்ஷன்' இருந்தது. கேப்காமின் பழைய டிஸ்னி விளையாட்டுகள் ஆறினைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட தொகுப்பு அது. டக் டேல்ஸின் இரு பாகங்களும் அதில் உண்டு. "மாமா சின்ன வயசுல விளையாடியது" என்று சொல்லிக் கொடுத்தேன். படத்தைப் பார்த்ததும் சிரித்தான். இன்றைய விளையாட்டுகளைக் கண்ட கண்ணுக்கு அது பொம்மைக் கட்டங்களாகத் தெரிந்திருக்கும். நிலவுக் காட்சியில் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, இவர் நிலாவில் எப்படி மூச்சு விடுகிறார்?" என்றான். அது நியாயமான கேள்வி. வான்வெளி உடை ஏதும் அணியாமல் தொப்பியோடுதான் நடந்துகொண்டிருந்தார் ஸ்குரூஜ். "வாத்து பேசுவதை ஏற்றுக்கொண்டாய் அல்லவா, இதையும் ஏற்றுக்கொள்" என்றேன். வந்தது முதல் அவன் என்னிடம் கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

இத்தொகுப்பில் பழைய கருவியில் இல்லாத வசதி ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் காலம் பின்னோக்கி ஓடும். குழியில் விழுந்த கிழவர் குழியிலிருந்து எழுந்து, தாவிய இடத்துக்கே திரும்பிச் சென்று நிற்பார். விழுந்ததே நிகழாதது போல மறுபடி தாவலாம்.

மருமகன் அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதன்பின் அவன் விரல் அப்பொத்தானைவிட்டு அகலவே இல்லை. நான் என் முறை வரும்போது அதைத் தொடுவதில்லை. மூன்று உயிர்களோடு ஆடினேன், செத்தேன், மீண்டும் தொடங்கினேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

இரண்டு நாள் கழித்து ஒன்றைக் கவனித்தேன். அவன் அமேசானின் முடிவை எட்டிவிட்டான். ஆனால் எப்படி எட்டினான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வழியை அவன் மனத்தில் வாங்கவே இல்லை. நானோ முப்பதாண்டு இடைவெளிக்குப் பின்னும் அடுத்த கொடி எங்கே தொங்கும், எந்த இடத்தில் பூச்செடி கடிக்க வரும் என்று சொல்ல முடிந்தது. உயிர் போகும் என்ற அச்சம் கண்ணைக் கூர்மையாக்குகிறது. இதுவரை என் பக்கமே வெற்றி என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் அம்மகிழ்ச்சி குறைந்தது. அவன் டிரான்சில்வேனியாவில் நான் என் வாழ்நாளில் காணாத வைரங்களை எடுத்துக்கொண்டிருந்தான். முட்களுக்கு மேலே, ஒரு மூலையில், எவரும் தாவத் துணியாத இடங்கள். "அங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்றேன். "தெரியாது மாமா. குதித்துப் பார்த்தேன். செத்தால் திரும்பி வரலாம்தானே?" என்றான். உயிரைக் காப்பதிலேயே குறியாக இருந்த நான், தெரிந்த வழியைவிட்டு அரை அடிகூட விலகியதில்லை. அவன் விலகி விலகியே மாளிகையின் வரைபடத்தை விரித்துவிட்டான்.

எழுதும்போது முதல் வரியைத் தாண்டாத பிள்ளையா இவன் என்று தோன்றியது. அவனிடம் துணிவு இல்லாமல் இல்லை. விழுந்தால் எழலாம் என்ற உறுதி கிடைத்த இடத்தில் அவன் எங்கள் எல்லாரையும்விடத் துணிந்தவனாக இருந்தான். வகுப்பறையில் அந்த உறுதி அவனுக்குக் கிடைக்கவில்லை. அங்கே ஒரே உயிர். அதையும் முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா ஆடிய ஆட்டம்

அந்த வெள்ளிக்கிழமை இரவு தங்கை வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது மணி இருக்கும். பையை இறக்கி வைக்காமலே திரையைப் பார்த்து நின்றாள். "அட, வாத்து!" என்றாள். பிறகு நாற்காலியில் அமர்ந்து, மகன் ஆடுவதைப் பார்த்தாள். சற்று நேரத்தில், "அங்கே போ ஐயா, அங்கே சுவர் இல்லை" என்றாள்.

அவன் அம்மா காட்டிய சுவரை நோக்கி நடந்தான். ஊடே சென்றான். திரும்பி அவளைப் பார்த்தான். அப்பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்கு வல்லமை போதாது. விடியுமுன் கிளம்பி இருட்டிய பின் திரும்புகின்ற அம்மாவுக்கு, தொழிற்சாலைச் சீருடையில் நிற்கும் அம்மாவுக்கு, டிரான்சில்வேனியாவின் பொய்ச்சுவர்கள் தெரியும் என்பதை அவன் அன்றுதான் அறிந்தான்.

"நீங்க ஆடுங்கம்மா" என்று கைப்பிடியை நீட்டினான். அவள் மறுத்தாள். அவன் விடவில்லை. இறுதியில் வாங்கிக்கொண்டு இமயமலையைத் தேர்ந்தெடுத்தாள். மறைவிடங்களை மனப்பாடம் செய்தவளே தவிர, ஆடிப் பழகியவள் அல்லளே! பனியில் துள்ளினாள், கிழவர் புதைந்தார், முயலொன்று வந்து மோதியது. மறுபடி தொடங்கினாள், குழியில் விழுந்தாள். மூன்றாவது உயிரும் ஒரு நிமிடத்தில் போயிற்று. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். "இன்னொரு தடவை" என்றாள். மீண்டும் மூன்றும் போயின. மீண்டும் சிரித்தாள்.

பின்னோக்கி ஓடும் பொத்தானைப் பற்றி மகன் சொல்ல வாயெடுத்ததைக் கண்டேன். ஏனோ சொல்லவில்லை. அவள் விழுவதையும் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பின்னர் அவனும் சிரிக்கத் தொடங்கினான். அவன் வகுப்பில் கேட்ட சிரிப்பு வேறு, இச்சிரிப்பு வேறு. விழுந்தவரே முதலில் சிரித்துவிட்டால், பார்ப்பவரின் சிரிப்பில் முள் இருப்பதில்லை.

மறுநாள் காலை அவனிடம் என் கைப்பேசியைக் கொடுத்தேன். "உனக்குப் பிடித்த ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய். கேட்டுப் பார். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி வாசி. நான் கேட்க மாட்டேன்" என்றேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். ஏறத்தாழ ஒரு மணி நேரம் முணுமுணுப்புக் கேட்டது. எத்தனை முறை அழித்தான் என்று நான் கேட்கவில்லை. 'பழம்', 'வாழை', 'மழலை' ஆகிய சொற்கள் மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தன. அது அவனுடைய பின்னோக்கு பொத்தான். விடுமுறை முடிவதற்குள் தினமும் காலையில் அதைச் செய்தான். கடைசி நாளில், தங்கை, என் துணைவியார், நான் என மூவர் முன்னிலையில், பதிவு ஏதுமின்றி ஒரு பக்கம் வாசித்தான். மூன்று உயிர்கள் என்று அவனே விதி வைத்துக்கொண்டான். இரண்டு போயின. மூன்றாவதில் முடித்தான்.

வகுப்பறைக்கு வந்தபோது

நம் நாட்டில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நிறுத்தப்பட்டதை அறிவீர்கள். அதற்குமுன் ஒரு பிள்ளையின் ஆறாண்டு உழைப்பும் சில நாள்களில் அளக்கப்பட்டது. அதை நீக்கியது நன்று என்போரும் உண்டு; பிள்ளைகளுக்கு அச்சமே இல்லாமல் போயிற்று என வருந்துவோரும் ஆசிரியர் அறையில் உண்டு. இவ்வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது வாத்துதான் நினைவுக்கு வருகிறது. மூன்று உயிர்களோடு மட்டுமே ஆடினால் தெரிந்த வழியிலேயே நடப்போம். பின்னோக்கு பொத்தானோடு மட்டுமே ஆடினால் நடந்த வழி மனத்தில் தங்காது. பிள்ளைக்கு இரண்டும் வேண்டும்; முதலில் எது, பிறகு எது என்பதில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது.

என் வகுப்பில் இப்போது மாணவர்களுக்கு இரண்டு ஏடுகள். ஒன்றில் எழுதுவதை நான் திருத்துவதில்லை; சிவப்புப் பேனா அதைத் தொடாது. அடிக்கலாம், கிறுக்கலாம், பாதியில் விடலாம். புதிய சொல்லைத் துணிந்து பயன்படுத்திப் பார்க்கும் இடம் அது. மற்றொன்றில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு கட்டுரை. அதில் அழிப்பான் கிடையாது. முதல் ஏட்டில் வந்த சில உவமைகள் என்னை வியக்க வைத்தன. அவற்றுள் எல்லாம் இரண்டாம் ஏட்டுக்கு வந்து சேர்வதில்லை. சில வந்து சேர்கின்றன. அதுவே எனக்குப் போதும்.

உரக்க வாசிக்கும் வகுப்புக்கு நான் முதலில் வாசிக்கிறேன். வேண்டுமென்றே கடினமான பத்தியாக, வேகமாக. நாக்கு எங்காவது இடறும். பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அதே வரியை மறுபடி வாசிப்பேன். தங்கையிடம் கற்ற பாடம் இது.

இறுதியாக விளையாட்டைப் பற்றி ஒரு குறிப்பு. பிள்ளைகளோடு ஆட விரும்பும் பெற்றோர்க்கு, 2013-இல் வெளிவந்த 'டக் டேல்ஸ் ரீமாஸ்டர்ட்' என்ற புத்துருவாக்கமும் உண்டு. படங்கள் கேலிச்சித்திரம் போலவே அழகாக வரையப்பட்டிருக்கும். ஒரே பொத்தானில் துள்ளலாம். தொலைக்காட்சித் தொடரில் ஸ்குரூஜுக்குக் குரல் கொடுத்த ஆலன் யங், தம் 93-ஆவது வயதில் அதற்கும் குரல் கொடுத்தார். 2016-இல் அவர் மறைந்தார். அந்த முதிய குரலின் துள்ளலுக்காகவே ஒருமுறை ஆடலாம். ஆனால் இடையிடையே பாத்திரங்கள் பேசிக்கொண்டே இருப்பதால் ஆட்டத்தின் தாளம் சற்று அறுபடுகிறது. என் மனம் நாடுவது 1989-ஆம் ஆண்டின் பழைய வடிவத்தைத்தான். அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் ஆட்டம். பிள்ளையின் இரவு உறக்கத்தைத் திருடாது. பிள்ளையை ஆடவிட்டு நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள். அருகில் அமர்ந்து பாருங்கள். உங்கள் முறை வரும்போது ஆடுங்கள், தோற்றுப் போங்கள்.

இவ்வாரம் மருமகனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. நாளிதழின் மாணவர் பகுதியில் வந்த செய்தி ஒன்றை வாசித்திருந்தான். இரண்டு நிமிடப் பதிவு. நடுவில் இரண்டு இடங்களில் நாக்கு இடறி, நின்று, சரியாகச் சொல்லிவிட்டுத் தொடர்ந்திருந்தான். அவற்றை அழிக்காமலே அனுப்பியிருந்தான். வகுப்பில் வாசித்தானா என்று தங்கையிடம் கேட்டேன். "இன்னும் இல்லண்ணே. ஆனா ஆசிரியர் கேட்டா இந்த வாரம் எழுந்திருப்பேன்னு சொல்றான்" என்றாள்.

காத்திருக்கிறேன்.